சுவான்சோவில் தங்கி வாழ: பழைய துறைமுக நகருக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீனாவின் பழைய நகரம் என்றதும் பெய்ஜிங், சியான் என்றுதான் எல்லாரும் டிக்கெட் போடுகிறார்கள். தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோவுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் பக்கத்து நகரமான சியாமெனிலிருந்து காலையில் ரயிலேறி, ஒரு கோயில், ஒரு தெரு, தலை நிறையப் பூ வைத்து ஒரு போட்டோ என்று முடித்துக்கொண்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போவதானால் இதைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு வாரமாவது தங்க, முடிந்தால் சில மாதங்கள் வாழ நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் 'ஜைத்தூன்' என்று குறிப்பிட்ட துறைமுகம் இதுதான். 10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை அரபியர், பாரசீகர், தமிழ் வணிகர் எல்லாரும் இங்கே கடை விரித்திருந்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பல, கயிறு கட்டிக் காட்சிக்கு வைத்த இடங்கள் அல்ல. பக்கத்துவீட்டுப் பாட்டி காய்கறிப் பையோடு வந்து கும்பிட்டுப் போகும் இடங்கள். ஒரு நாளில் அது கண்ணில் படாது.

டிக்கெட் போடும்போது ஓர் எச்சரிக்கை: ஆங்கிலத்தில் ஜி எழுத்தில் தொடங்கும் குவாங்சோ வேறு ஊர். சுவான்சோ க்யூ எழுத்தில் தொடங்கும். அவசரத்தில் மாற்றிப் பதிவு செய்தால் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குவீர்கள்.

முதல் படி: விசாவும் பெயரும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். 240 மணி நேர விசா இல்லாத டிரான்சிட் சலுகை பற்றி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் இரண்டு நாடுகளும் இல்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூலையிலிருந்தும் இருதரப்பு ஒப்பந்தப்படி ஒரு தடவைக்கு 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் குடிமக்களுக்கும் 30 நாள் சலுகை உண்டு. ஆனால் அது காலக்கெடு வைத்து நீட்டித்து வரும் ஏற்பாடு என்பதால், கிளம்புமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றிப் பார்க்க எல் விசா. 180 நாளுக்கு மேல் படிக்க எக்ஸ்1, அதற்குள் என்றால் எக்ஸ்2. வேலைக்கு இசட். சீன மொழி கற்றுக்கொண்டே அங்கே வாழ நினைப்பவர்களுக்கு நல்ல வழி மாணவர் விசா. 1960-இல் தொடங்கிய ஹுவாசியாவ் பல்கலைக்கழகம் சுவான்சோவிலேயே இருக்கிறது; வெளிநாட்டு மாணவர்களுக்குப் பழகிய இடம். சுற்றுலா விசாவில் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதானால் சில நாள் உள்ளேயும் வைப்பார்கள்.

பெயர் நமக்கென்றே இருக்கும் தொல்லை. நம் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் உட்கார்ந்திருக்கும். சீனாவில் ரயில் டிக்கெட், ஓட்டல், வங்கி, சிம் எல்லாமே பாஸ்போர்ட் எண்ணோடு பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பவை. எனவே பாஸ்போர்ட்டின் அடியில் கோணக் குறிகளோடு அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளில் உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப்பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்டேஷன் கவுண்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் படி: வீட்டிலேயே போனைத் தயார் செய்வது

இந்தப் படியில் ஒரு மாலைப் பொழுது செலவழித்தால் அங்கே பாதித் தலைவலி மிச்சம். பூ விற்கும் கிழவிகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். பணம் செலுத்த உதவும் அலிபே ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்த்து, விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை; அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டு இருப்பது நல்லது. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அனுமதிக்க மறந்துவிட்டு அங்கே போய் முழிப்பவர்கள் ஏராளம். ஓடிபி வருவதற்கு ஊர் சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்க வேண்டும். இதையும் கிளம்புமுன்னே சோதியுங்கள்.

சீனர்களின் வாட்ஸ்அப் போன்ற வீசாட் இந்தியாவில் 2020 தடைக்குப் பிறகு கிடைப்பதில்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் சீனாவில் இறங்கியபின் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கலாம். புதுக் கணக்கு தொடங்கும்போது ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் உறுதி செய்யவேண்டி வரலாம். ஓட்டல் வரவேற்பில் இருக்கும் பெண்ணைக் கேட்டால் உதவுவார். வீடு எடுத்துத் தங்குவதானால் வீசாட் இல்லாமல் ஆகாது. வீட்டுக்காரர், தண்ணீர் கேன்காரர், புரோக்கர் எல்லாரும் அதில்தான் பேசுவார்கள்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் உள்ளூர் வைஃபையில் திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங்கோ பயண இ-சிம்மோ இருந்தால் பொதுவாக அவை வேலை செய்யும். அந்த இணைப்பு சீனாவுக்கு வெளியே சுற்றி வருவதுதான் காரணம். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். வரைபடத்துக்குக் கூகுளை விட்டுவிட்டு ஆமேப்பைப் பழகுங்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

கையில் சில நூறு யுவான் சில்லறை நோட்டாகவும் இருக்கட்டும். ரொக்கத்தை வாங்க மறுப்பது அங்கே சட்டப்படி தவறு. வாங்கிக்கொள்வார்கள், மீதிச் சில்லறைதான் இருக்காது.

மூன்றாம் படி: போய்ச் சேர்வது

சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக வருபவர்களுக்கு வசதி சியாமென் விமான நிலையம். அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். சுவான்சோவுக்கென்று ஜின்ஜியாங்கில் தனி விமான நிலையமும் உண்டு. ஊருக்குள் மூன்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன: சுவான்சோ, சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு. பழைய நகருக்கு அருகில் இருப்பது திசைப் பெயர் ஒட்டாத முதலாவது. 2023 செப்டம்பரில் திறந்த புதுப் பாதையில் ஓடும் வண்டிகள் மற்ற இரண்டில் நிற்கும்; வேகம் கூடுதல், ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தை டாக்சியில் விட்டுவிடுவீர்கள்.

நுழைவில் பாஸ்போர்ட்டை இயந்திரம் படிக்காவிட்டால் பதற வேண்டாம். ஓரத்தில் ஆள் நிற்கும் வாசல் ஒன்று இருக்கும். அங்கே காட்டினால் விடுவார்கள்.

நான்காம் படி: 24 மணி நேரப் பதிவு

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனாவில் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் உங்கள் இருப்பிடம் போலீஸில் பதிவாக வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து முடித்துவிடுவார்கள். நண்பர் வீடு, வாடகை வீடு என்றால் நீங்களே அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட், வீட்டுக்காரரின் அடையாள அட்டை, வீட்டுப் பத்திர நகல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். தவறினால் எச்சரிக்கையும் 2,000 யுவான் வரை அபராதமும் விழலாம். அங்கே கொடுக்கும் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிறகு விசா நீட்டிப்புக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

பழைய நகரின் சந்துகளில் அழகழகான சின்ன விடுதிகள் நிறைய இருக்கின்றன. வெளிநாட்டவரை ஓட்டல்கள் மறுக்கக் கூடாது என்று அரசு 2024-இல் சொல்லிவிட்டது. ஆனால் விடுதி நடத்தும் குடும்பத்துக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை எப்படிப் பதிவது என்று தெரியாமல் இருக்கலாம். முன்பதிவு செய்த கையோடு, 'என்னிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், பதிவு செய்ய முடியுமா' என்று ஆப்பிலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

16 வயது நிறைந்த வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். விசா முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000. நீட்டிப்பு வேண்டுமானால் முடிவதற்கு 7 நாள் முன்னதாகவே விண்ணப்பித்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் 12367-ஐ அழையுங்கள். குடிவரவுத் துறையின் எண் இது, ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

ஐந்தாம் படி: எங்கே தங்குவது

பழைய நகரம் லிச்செங் வட்டாரத்தில் இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் மேற்குத் தெருவின் மேலேயே அறை எடுக்காதீர்கள். இரவு பதினொன்றுக்கும் ஸ்பீக்கர் அலறும். அதிலிருந்து இரண்டு சந்து உள்ளே போய்விட்டால் வேறு உலகம். சிவப்புச் செங்கல் வீடுகள், உடைந்த செங்கல்லையும் கருங்கல்லையும் கலந்து கட்டிய சுவர்கள், வாசலில் தேநீர்த் தட்டு. தேநீர் இங்கே வெறும் உபசாரம் அல்ல. தியெகுவான்யின் தேயிலை விளையும் ஆன்சி இந்த நகராட்சிக்குள்தான் வருகிறது. வாடகை பேசப் போனாலும் முதலில் கட்டைவிரல் அளவுக் கோப்பையில் ஊற்றி வைப்பார்கள். குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். அவசரம் காட்டினால் வாடகை குறையாது.

மாதக்கணக்கில் தங்குவதானால் புரோக்கர் மூலம் போவது வழக்கம். பொதுவாக ஒரு மாத வாடகை அட்வான்ஸ், அதோடு மூன்று மாத வாடகை முன்கூட்டியே. பழைய வீட்டின் அழகில் மயங்குமுன் குளியலறையையும் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் ஈரக்காற்று அடிக்கும்போது தரையும் சுவரும் வேர்க்கும். துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. ஈரம் இழுக்கும் இயந்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வசதி தெற்கே கிடையாது. வெளியே 10 டிகிரி என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதுதான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை அருமை. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் தேசிய விடுமுறை, தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

பழைய நகருக்குள் நடைதான் வசதி. கால் ஓய்ந்தால் சின்ன வெள்ளை மின்சாரப் பேருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வதேச ஓட்டுநர் உரிமம் சீனாவில் செல்லாது என்பதால் வண்டி ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

காலையில் ஊரே சாப்பிடுவது மியன்சியன்ஹு. நூல் போன்ற கோதுமைச் சேமியாவைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி. கடைக்காரர் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிவிட்டு, முன்னால் வரிசையாக இருக்கும் தட்டுகளைக் காட்டி என்ன வேண்டும் என்று தலையசைப்பார். குடல், ஈரல், இறால், கடல் சிப்பி, பொரித்த மாவுக்குச்சி என்று நீங்கள் விரல் நீட்டுவதை எல்லாம் கத்தரிக்கோலால் நறுக், நறுக்கென்று கிண்ணத்துக்கு மேலேயே வெட்டிப் போட்டு, வெள்ளை மிளகுத்தூள் தூவித் தள்ளுவார். அந்த மிளகு வாசனையில் நமக்கு உடனே ஒட்டுதல் வந்துவிடும். இஞ்சி போட்டு மண்சட்டியில் வதக்கிய வாத்தும் சிப்பி ஆம்லெட்டும் தவறவிடக் கூடாதவை. கடற்புழுவை ஜெல்லியாக உறைய வைத்த தூசுன்தோங் உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனம்: மாட்டிறைச்சி சூப் இந்த ஊரின் பெருமை, தெருவுக்குத் தெரு இருக்கும். ஹலால் வேண்டுமானால் வடமேற்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் நடத்தும் லான்சோ நூடுல்ஸ் கடைகளைத் தேடுங்கள்.

சைவர்கள் 'வோ ச்சி சூ' என்று சொன்னால் புரியும். ஆனால் காய்ப் பொரியலில் பன்றிக் கொழுப்போ காய்ந்த இறாலோ இருக்கும் என்பதைச் சாதாரணமாக நினைப்பார்கள். கொழுப்பும் வேண்டாம், கடல் உணவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிப் போனில் வைத்துக் காட்டுங்கள். நிம்மதியான வழி, கோயில்களை ஒட்டிய பௌத்த சைவ உணவகங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளூர்க்காரர்களே சைவத்துக்கு மாறுவதால் அன்று அங்கே கூட்டம் நெரியும். வெயிலில் அலைந்து வந்தால் கடல்பாசி ஜெல்லியில் தேன் விட்டுத் தரும் ஷிஹுவாகாவ் ஒரு கிண்ணம் போதும்.

ஏழாம் படி: சாமிகளோடு பழகுவது

துமென் தெருவில் நடந்தால் குவான்யு கோயிலும் 1009-இல் கட்டிய சிங்ஜிங் மசூதியும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. மசூதியின் கருங்கல் வாசல் அப்படியே அரபு நாட்டுப் பாணி. குவான்யு கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். உள்ளே போகும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகளை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருப்பவர்களைப் பார்ப்பீர்கள். நினைத்ததை மனதுக்குள் சொல்லிக் கீழே போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சாமி சம்மதம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதுபோலத்தான், வேறு விளக்கம் தேவையில்லை. அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வேலை, கல்யாணம், வியாதி என்று நிஜக் கேள்வியோடு வந்தவர்கள்.

686-இல் தோன்றிய காய்யுவான் பௌத்தக் கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கல்லில் எழுப்பிய இரட்டைக் கோபுரங்களை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் செல்லுங்கள். அங்கே நடுவில் இரண்டு தூண்கள், பதினாறு பட்டை கொண்டவை. குனிந்து பார்த்தால் வட்டங்களுக்குள் கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கிறான், நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் கற்கள் இவை. பின்னாளில் திருப்பணியின்போது இங்கே பொருத்தப்பட்டன. மண்டபத்தின் முன்மேடை அடியில் மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைச் சிற்பங்களும் அதே வழியில் வந்தவைதான். 1974-இல் தோண்டியெடுத்த, சோங் அரச வம்சக் காலக் கப்பலின் அடிப்பாகம் கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு இருக்கிறது. தடுப்புச் சுவர்களால் 13 அறைகளாகப் பிரித்த கப்பல். சரக்கில் வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன.

அடுத்த நாளைக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. யானை லிங்கத்துக்கு மலர் சாத்தும் கல் அங்கே இருக்கிறது. அரபுக் கல்லறைக் கற்களையும் சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறிஸ்தவக் கற்களையும் பக்கத்திலேயே பார்க்கலாம்.

1053-59-இல் கட்டிய லுவோயாங் பாலத்துக்கு நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அடித்தளக் கற்களைப் பிணைக்க அவற்றின்மேல் சிப்பி வளர்த்தார்கள், பாலத்தைக் கட்டியவர்கள். இப்போதும் கீழே சேற்றில் சிப்பி எடுப்பவர்களைக் காணலாம். சுன்பு கிராமத்துப் பூக்கொண்டை 2023-இல் இணையத்தில் பரவியதிலிருந்து அந்தக் கிராமம் ஒரு போட்டோ ஸ்டுடியோ மாதிரி ஆகிவிட்டது. ஆசையிருந்தால் வார நாளில் போங்கள். எனக்கு அங்கே பிடித்தது சிப்பி ஓடுகளால் கட்டிய வீட்டுச் சுவர்கள்தான். ஜின்ஜியாங்கில் உள்ள சாவ்ஆன் கோயிலில் 1339-ஆம் ஆண்டு மானியின் கற்சிலை இருக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய மறைந்தேபோன ஒரு மதத்தின் நிறுவனர், உள்ளூர்க்காரர்களுக்கு அவர் ஒரு புத்தர். தினமும் பத்தி கொளுத்துகிறார்கள்.

மொழியும் உடம்பும்

வீடுகளில் பேசுவது மின்னான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஹொக்கியன் என்று சொல்வது இதைத்தான், அங்கே போன சீனர்களில் பலரின் மூதாதையர் ஊரே இந்தப் பக்கம். பினாங்குத் தமிழர் ஒருவர் நாலு வார்த்தை ஹொக்கியனில் எடுத்துவிட்டால் கடைக்காரக் கிழவர் எழுந்து நின்று தேநீர் ஊற்றுவார். மற்றவர்களுக்கு மாண்டரின் போதும். 'எந்த நாடு' என்று கேட்பார்கள். 'யின்து' என்றால் இந்தியா.

உடம்புக்கு முடியாவிட்டால் 120 ஆம்புலன்ஸ், 110 போலீஸ், 119 தீயணைப்பு. பெரிய மருத்துவமனையில் முதலில் கவுண்டரில் பாஸ்போர்ட் காட்டி எந்தப் பிரிவு என்று பதிய வேண்டும். பணம் கட்டிய பிறகுதான் டாக்டர், பரிசோதனைக்கு மறுபடி பணம், மருந்துக்கு மறுபடி பணம். எல்லா ரசீதையும் சேர்த்து வையுங்கள், காப்பீட்டுக்கு வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைச் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

கிளம்பும்போது

வாடகை வீடானால் மின்சார, தண்ணீர் மீட்டரை வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுத்து, அட்வான்ஸைக் கையில் வாங்கியபின் சாவியைக் கொடுங்கள். உள்ளூர் சிம்மை அந்த ஊரில் இருக்கும்போதே ரத்து செய்யுங்கள்.

விமானம் சியாமெனிலிருந்து என்றால் அங்கே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சுவான்சோவில் 1956-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சியாமென் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. அன்றைய மங்கோலியப் பேரரசர் என்று கருதப்படும் செகாசை கானின் நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கானீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. கடைசி வரி மட்டும் சீனத்தில். வளாகத்துக்குள் போக முன்பதிவு வேண்டும். அருங்காட்சியகம் அன்று திறந்திருக்குமா என்பதையும் ஓட்டல்காரரை விட்டுப் போனில் கேட்கச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.